வலிக்கிறது என்று சொன்னவர்களால் பிறந்த மருந்து

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு சிடி ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள் அம்பாசமுத்திரத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறியிருப்பார்கள். வெறும் வயிற்றோடு வந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பார்கள். உள்ளே கூப்பிட்டதும் கையில் வென்ஃபிளான் ஊசி ஏறும். திருநெல்வேலியில் எந்த ஸ்கேன் அறையாக இருந்தாலும் அதற்கடுத்து காதில் விழுவது கிட்டத்தட்ட ஒரே வார்த்தைதான்: "உடம்பு சூடாகும் அண்ணாச்சி, பயந்துராதீய. ஒண்ணுக்கு வந்த மாதிரி இருக்கும், வராது."

சொன்னபடியே நடக்கும். தொண்டையில் தொடங்கும் சூடு மார்பு, வயிறு என்று இறங்கி அடிவயிற்றில் போய் நிற்கும். நாக்கில் இரும்புச் சுவை தட்டும். அரை நிமிடத்தில், மிஞ்சினால் ஒரு நிமிடத்தில், எல்லாம் அடங்கிவிடும். கான்ட்ராஸ்ட் என்றும் டை ஊசி என்றும் நாம் சொல்கிற மருந்து ரத்தத்தில் ஓடியதன் அடையாளம் அது.

அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே வேலைக்கு இதே அயோடினைச் செலுத்தியபோது நோயாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஊசி போட்டபோது வலியே தெரியாத ஒரு மருந்து பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பி வந்தது. இன்றைய கான்ட்ராஸ்ட் மருந்து ஒரே நாளில் யாரோ ஒருவர் கண்டுபிடித்தது கிடையாது. ஒவ்வொரு மருந்தும் தனக்கு முந்தைய மருந்து செய்த கேட்டிலிருந்து பிறந்தது. அந்தக் கேட்டை உடம்பால் உணர்ந்து வாய்விட்டுச் சொன்ன நோயாளிகளுக்கும், அதைக் காதில் வாங்கிய சில மருத்துவர்களுக்கும் இந்த வரலாற்றில் சமபங்கு உண்டு.

உயிரற்ற கையில் முதல் படம்

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8. அடுத்த சில வாரங்களில் ஐரோப்பா முழுக்க எலும்புகளைப் படமெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் அது கதிரைத் தடுத்து வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தக்குழாய், குடல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைக் கதிர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கடந்து போனது. படத்தில் ஒரே சாம்பல் நிறம்.

அந்தச் சாம்பலைப் பிரித்துக் காட்ட ஏதாவது ஊற்றிப் பார்ப்போம் என்று முதலில் இறங்கியவர்கள் வியன்னாவைச் சேர்ந்த ஹாஷெக், லிண்டென்தால் என்ற இருவர். 1896 ஜனவரியிலேயே, உயிரற்ற ஒரு கையின் ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு, பாதரசக் கந்தகம், பெட்ரோலிய எண்ணெய் கலந்த குழம்பைச் செலுத்தினார்கள். பாதரசக் கந்தகம் என்பது நம் சித்த மருந்துக் கடைகளில் லிங்கம் என்று கேட்டால் கொடுக்கிற அதே பொருள். 57 நிமிடம் கதிரைக் காட்டினார்கள். விரல் நுனிவரை குழாய்கள் கிளைவிட்டு ஓடுவது படத்தில் விழுந்தது.

உயிருள்ள கையில் அதைச் செலுத்தியிருந்தால் ஆள் பிழைத்திருக்க முடியாது. படம் தெளிவாக விழவேண்டும், ஆளுக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து வந்தபோதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. கதிரைத் தடுக்க கனமான தனிமம் வேண்டும். கனமான தனிமங்களோ பெரும்பாலும் உடம்புக்கு நஞ்சு.

முதலில் குடலுக்கு வழி பிறந்தது. ஹார்வர்டில் மாணவராக இருந்த வால்டர் கேனன், பிஸ்மத் உப்பை இரையோடு கலந்து வாத்துக்கும் பூனைக்கும் கொடுத்து, உணவு இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்தார். மனிதருக்கு அதே பிஸ்மத்தை அளவுக்கு அதிகமாகக் கொடுத்தபோது சிலருக்கு நஞ்சானது. 1910 வாக்கில் அதன் இடத்தைப் பேரியம் சல்பேட் பிடித்தது. தண்ணீரில் கரையும் பேரியம் உப்புகள் கொடிய விஷம். சல்பேட் மட்டும் கரையாது, குடலை விட்டு ரத்தத்துக்குள் போகாது, வந்தபடியே வெளியேறிவிடும். "பேரியம் மீல்" என்று இன்றும் எழுதிக்கொடுக்கிறார்களே, சுண்ணாம்பு போன்ற அந்த வெள்ளைக் கஞ்சியின் பிறப்பு இதுதான்.

சிறுநீரகத்துக்கு அப்படி எளிதாக அமையவில்லை. 1906-இல் ஜெர்மனியில் வெள்ளித் துகள் கலந்த கொலார்கால் என்ற திரவத்தை மூத்திரக்குழாய் வழியாகக் கீழிருந்து மேலே ஏற்றினார்கள். படம் கிடைத்தது. சிறுநீரகம் கெட்டுப்போய் நோயாளிகள் இறந்ததும் பதிவானது.

மேகநோயாளிகளும் மாட்டு மடியும்

அயோடின் இந்தக் கதைக்குள் வந்தது தற்செயலாகத்தான். 1920-களில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் சிஃபிலிஸ் என்ற மேகநோய்க்கு சோடியம் அயோடைடு கொடுத்துவந்தார்கள். மருந்து எடுத்துக்கொண்டவர்களுடைய மூத்திரப்பை எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதை ஏர்ல் ஆஸ்போர்ன் குழுவினர் கவனித்து 1923-இல் எழுதினார்கள். ரத்தத்தில் போட்டால் சிறுநீரகமே அதை வடித்து வெளியேற்றுகிறது, போகிற வழியெல்லாம் படத்தில் விழுகிறது என்பது அப்போது தெரிந்தது.

அயோடின் அணுவில் 53 எலெக்ட்ரான்கள். எக்ஸ்ரேயைத் தடுக்க அது போதும். நஞ்சோ பிற கன உலோகங்களைவிடக் குறைவு. ஆனாலும் வெறும் உப்பாகப் படத்துக்குத் தேவையான அளவு செலுத்தினால் நரம்பு எரியும், வாந்தி வரும். 1927 ஜூன் 28 அன்று லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் உயிருள்ள ஒரு மனிதனின் மூளை ரத்தக்குழாய்களை முதன்முதலாகத் தெளிவாகப் படமெடுத்தது இந்த சோடியம் அயோடைடை வைத்துத்தான். அதற்கு முன் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடை வைத்துப் பார்த்ததில் ஒரு நோயாளி இறந்துபோயிருந்தார்.

அயோடினைத் தனியாக அலையவிடாமல் ஒரு கார்பன் வளையத்தில் கட்டிப்போட்டால் என்ன? அப்படிக் கட்டிய மருந்து வேறொரு வேலைக்காக பெர்லினில் ஏற்கெனவே தயாராகியிருந்தது. ஆர்தர் பின்ஸ், குர்ட் ரேத் என்ற வேதியியலாளர்கள் மாட்டு மடிநோய்க்காகச் செய்துவைத்திருந்த செலெக்டான் வகை மருந்துகள் அவை. மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் உதவித்தொகையில் ஜெர்மனிக்கு வந்திருந்தார். இந்த மருந்துகள் சிறுநீர் வழியாக வெளியேறுவதைப் பார்த்து, இதைக் கொண்டு சிறுநீரகத்தைப் படமெடுக்கலாம் என்று பிடித்துக்கொண்டார். வளையத்தை மாற்றி மாற்றிப் பார்த்ததில், அதிகம் கரைவதும் குறைவாக வாந்தி வரவைப்பதுமான ஒரு சேர்மம் அமைந்தது. 1929-இல் அது யூரோசெலெக்டான் என்ற பெயரில் வெளிவந்தது. ஐவிபி என்று நம்மூர்க்காரர்கள் பிற்பாடு பழகிக்கொண்ட சிறுநீரகப் பரிசோதனை அன்று பிறந்தது. கண்டுபிடிப்பின் பெருமை வெகுகாலம் அவருடைய மேலதிகாரி ஃபான் லிக்டென்பெர்க் பெயரிலேயே இருந்தது. ஸ்விக்குக்கு உரிய மரியாதை 1960-களில்தான் கிடைத்தது.

வலிக்காத மருந்து

அதே ஆண்டுகளில் இன்னொரு மருந்து மருத்துவர்களின் மனத்தைக் கொள்ளைகொண்டது. தோரோட்ராஸ்ட். தோரியம் டை ஆக்ஸைடின் மிக நுண்ணிய துகள்கள் மிதக்கும் திரவம்.

தோரியம் திருநெல்வேலிச் சீமைக்கு அந்நியமான பொருள் கிடையாது. வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் குமரி மாவட்டம். அங்கே மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் கண்டுகொண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்கு வழிகாட்டியது. மோனசைட்டில் இருக்கும் தோரியத்தை அன்றைக்கு காஸ் விளக்கின் மேண்டிலுக்காக உலகமே தேடியது. திருவிழாக்களில் தலையில் சுமந்துபோன பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை வெளிச்சம் அந்த மேண்டிலிலிருந்து வந்ததுதான்.

தோரியம் அணு அயோடினைவிட மிகக் கனமானது. அதனால் படம் அபாரமாக விழுந்தது. ரத்தக்குழாயில் செலுத்தினால் எரிச்சல் இல்லை, வாந்தி இல்லை, தடிப்பு இல்லை. சோடியம் அயோடைடோடு போராடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது வரமாகத் தோன்றியது. 1930-களிலும் 40-களிலும் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் முழுக்கப் பயன்படுத்தினார்கள். போரில் காயம்பட்ட ஜப்பானியப் படைவீரர்களுக்கும் போட்டார்கள்.

அந்தத் துகள்களுக்கு உடம்பை விட்டு வெளியேற வழியில்லை. கல்லீரலும் மண்ணீரலும் எலும்பு மஜ்ஜையும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டன. தோரியம் கதிரியக்கம் உள்ளது. அது பாதியாகத் தேய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அதை ஏற்றிக்கொண்டவரின் கல்லீரலுக்குள் ஆல்ஃபா கதிர் ஆயுள் முழுக்கப் பாய்ந்துகொண்டே இருந்தது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் புற்றுநோய்கள் தலைகாட்டின. ஊசி போட்ட மருத்துவர்களில் பலர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்கள். ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் ஆகிய நாடுகள் பழைய மருத்துவமனை ஏடுகளைத் தேடியெடுத்து, யார் யாருக்கு ஊசி போட்டார்கள் என்று பட்டியலிட்டு, அவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தன. தோரோட்ராஸ்டின் கேடு உறுதியானது அந்த ஏடுகளால்தான். எழுதிவைக்காத இடங்களில் செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்றே தெரியாமல் போனார்கள்.

ஊசி போட்ட அன்று வலிக்கவில்லை என்பது மருந்து பத்திரமானது என்பதற்குச் சான்றாகாது. கான்ட்ராஸ்ட் மருந்தின் வரலாற்றில் இதைவிட அதிக விலை கொடுத்துக் கற்ற பாடம் வேறில்லை.

கண்ணைத் திறந்து நீந்தியவர்

அயோடின் பக்கத்தில் முன்னேற்றம் மெதுவாக வந்தது. 1950-களில் ஒரே பென்சீன் வளையத்தில் மூன்று அயோடின் அணுக்களைப் பொருத்தினார்கள். 1954 வாக்கில் டையாட்ரிசோயேட் வந்தது. யூரோகிராஃபின் என்ற பெயரில் இந்திய மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் புழங்கியது இதுதான். சிறுநீரகக் கல்லுக்கு ஐவிபி எடுத்துக்கொண்ட அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால், கை முழுக்க எரிந்ததையும் குமட்டியதையும் இன்றும் சொல்வார்கள்.

எரிச்சலுக்குக் காரணம் அயோடினில் இல்லை. டையாட்ரிசோயேட் ஓர் உப்பு. தண்ணீரில் கரைந்ததும் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டாகப் பிரியும். ஒரு பாதியில்தான் அயோடின் இருக்கும். மறுபாதி படத்துக்கு எந்தப் பயனும் தராமல் கூட்டத்தை மட்டும் கூட்டும். இதனால் மருந்தில் துகள்களின் நெரிசல் அளவுக்கு மீறிப்போகும். நம் ரத்தத்தின் சவ்வூடு அடர்த்தி, அதாவது இந்த நெரிசலின் அளவு, சுமார் 290. அந்தப் பழைய மருந்துகளுடையது 1,500-க்கும் மேல். இவ்வளவு அடர்த்தியான திரவம் ரத்தக்குழாய்க்குள் நுழைந்ததும் சுற்றியுள்ள செல்களிலிருந்து தண்ணீரை இழுக்கும். சிவப்பணுக்கள் சுருங்கும், குழாயின் உட்சுவர் காயும், நரம்புகள் வலியில் கத்தும்.

1960-களில் சுவீடனின் மால்மோ நகரத்தில் தோர்ஸ்டன் ஆல்மேன் என்ற கதிரியல் மருத்துவர் கால் தமனிகளில் இந்த மருந்தைச் செலுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஊசி போடும்போதெல்லாம் நோயாளிகள் வலியில் துடித்தார்கள். படம் கிடைக்க அது கொடுத்தாக வேண்டிய விலை என்று மற்றவர்கள் ஏற்றுக்கொண்டதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவருக்கு நீச்சல் பழக்கம் உண்டு. சுவீடனின் மேற்குக் கரையில், உப்பு மிகுந்த கடலுக்குள் கண்ணைத் திறந்தால் எரிந்தது. கிழக்கே பால்டிக் கடலுக்குள் திறந்தால் எரியவில்லை.

இதைப் புரிந்துகொள்ள தாமிரபரணிக்காரர்களுக்கு சுவீடன் போகவேண்டியதில்லை. குறுக்குத்துறைப் படித்துறையில் முங்கிக் கண்ணைத் திறக்கும் பிள்ளைகள், திருச்செந்தூர் கடலில் அப்படிச் செய்ய மாட்டார்கள். கடலில் குளித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே நாழிக்கிணற்றுக்கு நடப்பதைத் தினமும் பார்க்கலாம். கண்ணீரின் அடர்த்தி ரத்தத்தினுடையதற்குக் கிட்டத்தட்ட சமம், சுமார் 300. கடல் நீருடையது சுமார் 1,000. பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறதே, அந்தக் கழிமுகத்தில் ஏதோ ஓரிடத்தில் தண்ணீரின் அடர்த்தி சரியாகக் கண்ணீரின் அளவுக்கு வந்து நிற்கும். நூற்றுக்கணக்கான ஆறுகள் வந்து விழுவதால் உப்பு வெகுவாகக் குறைந்த பால்டிக், கடல் அளவுக்கு விரிந்த ஒரு புன்னைக்காயல்.

கண்ணை எரிய வைப்பது எதுவோ அதுவே ரத்தக்குழாயையும் எரிய வைக்கிறது என்று ஆல்மேன் இரண்டையும் முடிச்சுப் போட்டார். அப்படியானால் அயோடினைக் குறைக்காமல் துகள்களின் எண்ணிக்கையை மட்டும் குறைக்க வேண்டும். மூலக்கூறு தண்ணீரில் கரைய வேண்டும், ஆனால் இரண்டாகப் பிரியக்கூடாது. உப்பாக இருந்தால்தான் கரையும் என்று அன்றைய மருந்து வேதியியல் நம்பிக்கொண்டிருந்தது. சர்க்கரை எப்படிக் கரைகிறது என்று கேட்டார் ஆல்மேன். அது உப்பு இல்லையே. அதில் இருக்கும் ஹைட்ராக்சில் கைகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. அதே கைகளை அயோடின் வளையத்துக்கும் பொருத்தினால் என்ன?

அவர் வேதியியலாளர் கிடையாது. புத்தகம் வாங்கிப் படித்துத் தாமே கட்டமைப்புகளை வரைந்தார். வௌவால் இறக்கையின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் அடர்த்தியான கரைசல்கள் என்ன செய்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்தார். பெரிய மருந்து நிறுவனங்கள் கையை விரித்தன. 1968-இல் ஆஸ்லோவில் இருந்த நீகார்ட் என்ற சிறிய நிறுவனம் காது கொடுத்தது. அங்கே ஹூகோ ஹோல்டெர்மான் தலைமையில் வேதியியலாளர்கள் இறங்கினார்கள். 1969-இல் ஆல்மேன் தம் கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். அதே காலத்தில் மெட்ரிசமைடு பிறந்தது. ஏற்கெனவே இருந்த மெட்ரிசோயிக் அமிலத்தில் குளுக்கோசமைன் என்ற சர்க்கரைச் சேர்மத்தை ஒட்டியது. அயானாகப் பிரியாத முதல் கான்ட்ராஸ்ட் மருந்து.

மெட்ரிசமைடு விலை அதிகம். கரைசலாக வைத்தால் கெட்டுவிடும் என்பதால் பொடியாக வந்து, ஊசி போடும் நேரத்தில்தான் கரைக்க வேண்டியிருந்தது. அந்தக் குறையிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து ஐயோபமிடாலும் நார்வேயிலிருந்து ஐயோஹெக்சாலும் வந்தன. அடர்த்தி 600-க்கும் 900-க்கும் இடையில் இறங்கியது. 1990-களில் இரண்டு வளையங்களைச் சேர்த்துக் கட்டிய ஐயோடிக்சனால் 290-ஐத் தொட்டது. அதாவது ரத்தத்துக்குச் சமம். ஆம்னிபேக் என்ற பெயரில் ஸ்கேன் அறை அலமாரியில் நாம் பார்க்கும் பாட்டிலில் இருப்பது ஐயோஹெக்சால். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு.

மூன்று லட்சம் பேரின் சாட்சியம்

புதிய மருந்துகள் வலியைக் குறைத்தது கண்கூடு. ஆனால் வலி வேறு, ஒவ்வாமை வேறு. ஊசி போட்ட சில நிமிடங்களில் அரிப்பு, தடிப்பு, தொடர் தும்மல், முகவீக்கம், மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் என்று வருகிற எதிர்விளைவுதான் உயிரைக் குடிப்பது. பழைய மருந்தைப் போலப் பல மடங்கு விலை சொன்ன புதிய மருந்து அதையும் குறைக்குமா என்று உலகமே கேட்டது.

பதில் ஜப்பானிலிருந்து வந்தது. கதயாமா என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 3,37,647 ஊசிகளைப் பின்தொடர்ந்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய வகையில் ஏதேனும் ஓர் எதிர்விளைவு வந்தவர்கள் 12.66 சதவீதம், புதிய வகையில் 3.13 சதவீதம். கடுமையான விளைவு பழையதில் பத்தாயிரத்துக்கு 22 பேருக்கு, புதியதில் 4 பேருக்கு. உப்பாகப் பிரியாத மூலக்கூறு ஒவ்வாமைக்கும் அணைபோட்டது என்பது ஐயமற நிலைத்தது. தும்மலையும் தடிப்பையும்கூட விடாமல் எழுதிவைத்த ஆஸ்பத்திரிகள் இல்லாவிட்டால் அந்த எண்கள் கிடைத்திருக்காது.

ஆனாலும் 4 என்பது பூஜ்யம் ஆகிவிடவில்லை. அந்த நான்கில் ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்லும் வழி இன்றுவரை இல்லை. ஒரு சொட்டு ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் பழக்கம் பல இடங்களில் நெடுநாள் இருந்தது. டெஸ்ட் டோஸில் ஒன்றும் ஆகாதவருக்கு முழு ஊசியில் விளைவு வந்ததும் உண்டு, டெஸ்ட் டோஸிலேயே கடும் விளைவு வந்ததும் உண்டு. நம்பத்தக்க முன்னறிவிப்பு ஒன்றுதான்: இதற்கு முன் கான்ட்ராஸ்ட் ஊசியில் ஏதாவது ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் மறுபடி ஆகும் வாய்ப்பு பல மடங்கு. ஆஸ்துமாவும் வேறு ஒவ்வாமைகளும் வாய்ப்பை ஓரளவு கூட்டும்.

தூத்துக்குடி, காயல்பட்டினம், உவரிப் பக்கத்து ஆட்களிடம் இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதா? கடல் உணவில் அயோடின் இருக்கிறது, மருந்திலும் அயோடின் இருக்கிறது என்பதால் கிளம்பிய பயம் இது. இறால் ஒத்துக்கொள்ளாமை அதன் தசையிலுள்ள டிரோபோமயோசின் என்ற புரதத்தால் வருவது. அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அயோடின் நம் உடம்புக்கு அந்நியமும் இல்லை. தைராய்டு சுரப்பி அது இல்லாமல் வேலை செய்யாது. 2006 முதல் நாடு முழுக்கச் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பைத்தான் விற்க வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. தூத்துக்குடி அளத்து உப்பு அயோடின் கலந்து ஒவ்வொரு வீட்டுக் குழம்பிலும் விழுகிறது. இறால் ஒத்துக்கொள்ளாதவர் வேறெந்த ஒவ்வாமைக்காரரையும் போன்றவர்தான். அந்தக் காரணத்துக்காக மட்டும் ஸ்கேனை மறுக்க வேண்டியதில்லை.

அமைதியாக வந்த இன்னொரு கேடு

எம்ஆர்ஐ வந்தபோது அதற்கென்று கடோலினியம் என்ற உலோகம் கொண்ட மருந்து பிறந்தது. 1988-இல் முதல் மருந்து விற்பனைக்கு வந்தது. கடோலினியம் தனியாக இருந்தால் நஞ்சு. அதனால் அதை ஒரு பெரிய மூலக்கூறின் பிடிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அயோடின் மருந்தைவிட ஒவ்வாமை குறைவு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அயோடினுக்குப் பதிலாக இதைக் கொடுப்பது பத்திரம் என்றுகூட நினைத்தார்கள்.

1997 முதல் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் மரத்துக் கெட்டியாகி, மூட்டுகள் மடங்காமல் போயின. 2000-இல் அதைப் புதிய நோய் என்று பதிவு செய்தார்கள். இந்த நோய்க்கும் கடோலினியம் ஏற்றிக்கொண்டதற்கும் தொடர்பு இருப்பதை 2006-இல் ஆஸ்திரிய மருத்துவர் தாமஸ் குரோப்னர் சுட்டிக்காட்டினார். சிறுநீரகம் வடித்து வெளியேற்றாத மருந்து உடம்பிலேயே தங்கி, பிடி தளர்ந்து, உலோகம் கசிந்திருந்தது. உடனே விதிகள் மாறின. பிடி தளர்ந்த மருந்துகள் பின்னுக்குப் போயின, கூண்டுபோல் இறுக்கிப் பிடிக்கும் வகைகள் முன்னுக்கு வந்தன. புதிய நோயாளிகள் கிட்டத்தட்ட இல்லாமல் போனார்கள். தோரோட்ராஸ்டின் கேட்டைப் புரிந்துகொள்ள இருபது முப்பது ஆண்டுகள் எடுத்த மருத்துவம், கடோலினியத்தில் முதல் நோயாளிகள் தென்பட்ட பத்தாண்டுக்குள் விழித்துக்கொண்டது. இடையில் கற்றுக்கொண்டது, எழுதிவைப்பதையும் எழுதியதை ஒப்பிட்டுப் பார்ப்பதையும்தான்.

நம் பங்கு

ஸ்கேனுக்கு முன் கிரியேட்டினின் பார்ப்பது, ஊசிக்குப் பின் அரைமணி நேரம் உட்காரச் சொல்வது, அறைக்குள் கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஆம்ப்யூல் தயாராக வைத்திருப்பது, எல்லாமே யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று ஆன பிறகு ஏற்பட்ட வழக்கங்கள். கடுமையான எதிர்விளைவுகளில் பெரும்பாலானவை முதல் இருபது நிமிடத்துக்குள் வருகின்றன. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வென்ஃபிளானைக் கழற்றச் சொல்லி ஓடுகிறவர் அந்த இருபது நிமிடத்தை பஸ்ஸில் கழிக்கிறார். தொடையில் அட்ரினலின் போட அங்கே யாருமில்லை.

நோயாளி சொல்ல வேண்டியவை சில. முன்பு டை ஊசியில் என்ன ஆனது, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறாரா என்பவை. மெட்ஃபார்மினை நிறுத்துவதா வேண்டாமா என்பதைச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். வீட்டுக்குப் போன பிறகு ஒரு வாரத்துக்குள் உடம்பில் தடிப்பு வந்தால் அதையும் திரும்பி வந்து சொல்ல வேண்டும். தாமதமாக வரும் விளைவும் உண்டு.

மருத்துவமனை எழுத வேண்டியது இன்னும் முக்கியம். பல சீட்டுகளில் "டை அலர்ஜி" என்ற இரண்டு சொல் மட்டும் இருக்கிறது. எந்த டை? ஐயோஹெக்சாலா, ஐயோபமிடாலா, கடோலினியமா? எத்தனை மில்லி? எத்தனை நிமிடத்தில், என்ன வந்தது? எதற்கு அடங்கியது? இவை தெரிந்தால் அடுத்த முறை வேறு மூலக்கூறுக்கு மாற்றிப் பத்திரமாக ஸ்கேன் எடுக்கலாம். தெரியாவிட்டால் அவசியமான ஸ்கேன் ஒருவருக்கு ஆயுள் முழுக்க மறுக்கப்படலாம், அல்லது அதே மருந்து மறுபடி ஏறலாம். இந்தியாவில் 2010 முதல் மருந்து எதிர்விளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் நடக்கிறது. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் அதற்கான மையங்கள் உண்டு. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே கூப்பிட்டுச் சொல்லலாம்.

கொலார்கால் போனதும், தோரோட்ராஸ்ட் ஒழிந்ததும், யூரோகிராஃபினின் இடத்துக்கு ஐயோஹெக்சால் வந்ததும், யாரோ சொன்னதை யாரோ எழுதியதால்தான். இப்போதுள்ள மருந்தைவிட நல்ல மருந்து பிறப்பதாக இருந்தாலும் அந்த வழியில்தான் பிறக்கும். ஊசி போட்டபின் லேசாக அரித்தாலும் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்காரர்களே, சொன்னவரை, மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதாமல் அனுப்பாதீர்கள்.